கட்டையும் கையும் கருத்தும்

தமிழ்த்துறையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழு மாணவர் நம்மை அணுகியபொழுது, வழக்கம்போல் சிலம்பைப் பற்றியோ சீறாவைப் பற்றியோ எழுதிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். “ஐயா, இம்முறை தங்கள் வாழ்விலிருந்து ஒன்று எழுதித் தாருங்கள்” என்று அவர்கள் வற்புறுத்தினர். ஆதலின், நாற்பது வயதை நெருங்கும் காலத்தில் பியானோ என்னும் மேலைநாட்டு இசைக்கருவியைக் கற்கத் தொடங்கி, இடறி, கைநோவு கண்டு, பின்னர் ஒருவாறு தெளிந்த கதையை ஈண்டு எழுதத் துணிந்தோம். தமிழாசிரியருக்குப் பியானோ எதற்கு என்று மாணவர் நகைக்கலாம். சமுதாயப் பெரியோர் முகம் சுளிக்கலாம். இரு சாராரும் கட்டுரையின் இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

அத்தாவின் தட்டச்சுப் பயிலகம்

நம் அத்தா அவர்கள் காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் தட்டச்சுப் பயிலகம் நடத்தி வந்தார்கள். பள்ளிவாசல் தெருமுனையில் நீண்டதோர் அறை. எட்டு ரெமிங்டன் பொறிகள். எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று காட்டும் வண்ணப்படம் ஒன்று சுவரில். காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை, மணிக்கு ஓர் அணியாகப் பிள்ளைகள் வந்து போவர். ‘லோயர்’ என்றும் ‘ஹையர்’ என்றும் ஊரார் வழங்கிய அரசுத் தேர்வுகளுக்கு அத்தாவிடம் பயின்று, அலுவலகங்களில் அமர்ந்தவர் பலர்.

அத்தா மிகுதியாகப் பேசமாட்டார்கள். பிள்ளைகளின் பின்னால் நடந்துகொண்டே இரண்டு மூன்று தொடர்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். “விசையைக் குத்தாதே, தட்டிட்டு விலகு.” “தோளை இறக்கு.” “கண்ணு தாளில இருக்கட்டும். விரலுக்கு அதோட வீடு தெரியும்.” சிறுவனாக அவ்வறையின் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நமக்கு அச்சொற்கள் பொறியின் ஓசையோடு ஓசையாகக் காதில் விழுந்தனவேயன்றிக் கருத்தில் பதியவில்லை.

அடுத்த தெருவில் கிறித்தவப் பள்ளி ஒன்று இருந்தது. மாலை வேளைகளில் அதன் வழிபாட்டுக் கூடத்திலிருந்து பியானோ ஒலி வரும். ஒரு குரலைத் தொடர்ந்து மற்றொரு குரல் என்றே இசையைக் கேட்டுப் பழகிய நம் செவிக்கு, மூன்று நான்கு ஒலிகள் ஒரே நொடியில் எழுந்து ஒன்றாய் நின்றது பெருவியப்பாக இருந்தது. பதினோராம் வயதில் அதைக் கற்க வேண்டும் என்று அத்தாவிடம் கேட்டோம். அத்தா சினக்கவில்லை. “அது நம்ம வீட்டுக்கு ஆகாதுப்பா. பாடத்தைப் பாரு” என்றார்கள். அவ்வளவுதான்.

இசை குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை யாவரும் அறிவர். பத்தாம் நூற்றாண்டில் அல்ஃபாராபி இசையியல் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்றினார், இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’வில் இசை கேட்டல் பற்றித் தனிப்பகுதி வகுத்து ஆராய்ந்தார், இசைக்கருவிகளை ஏற்காத அறிஞரும் பலர். அவ்வழக்கில் தீர்ப்புரைக்கும் தகுதி நமக்கில்லை. அத்தாவின் சொல்லை ஒரு தந்தையின் சொல்லாகவே ஏற்றுப் பணிந்தோம். அத்தாவும் இசையறியாதவர் அல்லர். நாகூர் ஹனீபாவின் பாடல் ஒலிநாடாவில் ஒலிக்கும்போது அவர்களது விரல்கள் மேசையின்மேல் தாமே அசையும். நம் கண்ணைக் கண்டதும் நின்றுவிடும்.

ஆய்வேடும் ஊமை நரம்பும்

2003ஆம் ஆண்டு, சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைச்சொற்களை ஆய்வுப் பொருளாகக் கொண்டு எம்.ஃபில். பட்டத்திற்கு ஆய்வேடு அளித்தோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளையும், அவற்றிடையே முன்னோர் கண்ட இணை, கிளை, பகை, நட்பு என்னும் நால்வகை உறவுகளையும் விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதினோம். 1917இல் வெளிவந்த ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகர’மும், 1947இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் ‘யாழ்நூ’லும் நம் மேசையை விட்டு அகலாதிருந்தன.

வாய்மொழித் தேர்வின்போது புறத்தேர்வாளராக வந்த முதுபேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு மெல்லக் கேட்டார்: “குரலும் இளியும் சேர்ந்து ஒலித்தால் எப்படி இருக்கும்? நீங்கள் கேட்டதுண்டா?” “இல்லை ஐயா” என்றோம். அவர் புன்னகை செய்தார். பட்டத்திற்குப் பரிந்துரையும் செய்தார். ஆயினும் அவ்வினா நம்மை விட்டு நீங்கவில்லை. உறவின் பெயர்களை உரைநூல்களில் படித்தோம். உறவினர் ஒருவரையும் நேரில் கண்டோமில்லை.

ஒன்றை ஈண்டுத் தெளிவுபடுத்திவிடுதல் நலம். பழந்தமிழர் சொன்ன நரம்புறவு பண்ணையும் பாலையையும் அமைத்தற்கு உரியது; பல குரல்களை ஒருங்கே ஒலிக்கச் செய்து, அக்கூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நடத்திச் செல்லும் மேலையிசையின் ‘ஹார்மனி’ வேறு. இரண்டும் ஒன்றென நிறுவ முயல்வது நம் நோக்கமன்று. ஒலிகளுக்கிடையே உறவு உண்டு என்னும் உணர்வு மட்டும் இரு சாரார்க்கும் பொது.

2017ஆம் ஆண்டு, தவணை முறையில் மின்னணுப் பியானோ ஒன்றை வாங்கினோம். 52 வெள்ளைக் கட்டைகள், 36 கறுப்புக் கட்டைகள், ஆக 88. பயிலகத்தை மூடிவிட்டு அத்தா அப்போது நம்மோடு வந்து தங்கியிருந்தார்கள். கருவி கூடத்தில் இறங்கிய அன்று அதனை ஒருமுறை பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. தம் நாற்காலியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்கள்.

நாம் சென்ற பிழைவழி

முதல் ஈராண்டுகள் நாம் கற்ற முறையை மாணவர்கள் எளிதில் உணர்வர். அவர்களுள் பலர் இலக்கணத்தைக் கற்கும் முறையும் அதுவே. தேர்வுக்குரிய இசைத்துண்டுகள் மூன்று. ஒவ்வொரு குறியையும் எழுத்தெழுத்தாகக் கண்டறிந்து, எந்த விரல் என்பதைப் பென்சிலால் எண்ணிட்டு, நூறு முறை வாசித்து மனப்பாடம் செய்தோம். ஏன் இவ்வொலிக்குப் பின் அவ்வொலி வருகிறது என்று கேட்டோமில்லை. வேகம் வராதபோது வலிமையைக் கூட்டினோம். வலிமை போதாதபோது தோளை உயர்த்தினோம். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பதை நம் இல்லத்தரசியார்தாம் முதலில் கண்டு சொன்னார்.

2019ஆம் ஆண்டின் இறுதியில், பருவத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும் பணியும் இதனோடு சேர்ந்தது. வலக்கை மணிக்கட்டில் தொடங்கிய வலி முழங்கை வரை ஏறியது. அந்நிலையிலேயே இசைத்தேர்வுக்குச் சென்றோம். இரண்டாம் துண்டின் நடுவே ஒரே ஒரு கட்டை தவறியது. அதன்பின் அடுத்து என்ன என்று நமக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்கினோம், அதே இடத்தில் மீண்டும் கை நின்றது. தேர்வாளர் அன்போடு, “போதும், அடுத்ததற்குச் செல்லுங்கள்” என்றார். வெளியே வந்தபோது, தன் முறைக்காகக் காத்திருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நம்மைப் பரிவோடு பார்த்தாள். கல்லூரி ஆசிரியர் ஒருவர் அப்பார்வையை எதிர்கொள்வது எளிதன்று.

மருத்துவர் ஆறு வாரம் ஓய்வு வேண்டும் என்றார். கருவியை விற்றுவிடலாம் என்றே முடிவு செய்தோம்.

மடியில் கிடந்த கை

விற்பனைக்கு வாங்குவோரைத் தேடிய வேளையில், தேவாலயம் ஒன்றில் நாற்பதாண்டுகள் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றிருந்த இசையாசிரியை ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. எழுபது வயதைக் கடந்தவர். கருவியை வாங்க அவர் வரவில்லை, யாருக்காகவோ விசாரிக்க வந்தவர், நம் கதையைக் கேட்டுவிட்டு, “விக்கிறது இருக்கட்டும் சார். உட்காருங்க. ஒண்ணும் வாசிக்க வேணாம். கையை மடியில போடுங்க” என்றார். போட்டோம். “அந்தக் கை இப்ப எப்படி இருக்கு? அதே கையைத்தான் கட்டை மேல வைக்கணும். புதுசா ஒரு கையைச் செய்யாதீங்க.”

அன்று அவர் முதலில் விளக்கியது கருவியின் இயல்பை. இத்தாலி நாட்டு ஃபிளாரன்ஸ் நகரில், 1700ஆம் ஆண்டையொட்டி, பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர் உருவாக்கிய இக்கருவியின் நுட்பம் யாதெனில், கட்டையை அழுத்தியதும் உள்ளிருக்கும் சுத்தியல் கம்பியை நோக்கி எறியப்பட்டு, தட்டிய நொடியிலேயே விலகிவிடுகிறது. விலகிய பின்னர், வாசிப்பவர் கட்டையை எவ்வளவு நசுக்கினாலும் ஒலி ஓர் அணுவும் வளராது. இக்காலப் பியானோவில் கட்டை இறங்கும் ஆழம் ஏறத்தாழ ஒரு செ.மீ.; அதனை மெல்ல இறக்கத் தேவையான எடை ஏறத்தாழ 50 கிராம். நமது மின்னணுக் கருவியும் அவ்வியல்பைப் பின்பற்றிச் செய்யப்பட்டதே. ஈராண்டுகளாக நாம் செலவிட்ட வலிமையின் பெரும்பகுதி, ஒலி பிறந்த பின்னர் மரத்தோடு போரிட்டதில் கழிந்திருக்கிறது.

அடுத்து அவர் விளக்கியது உடலின் இயல்பை. விரலை மடக்கும் பெருந்தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் உள்ளன. அங்கிருந்து நரம்புக்கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டின் வழியாக விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டை இறுக்கி வளைத்துக்கொண்டு விரலை ஓடச் சொல்வது, வாய்க்காலை அடைத்துவிட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் கேட்பது போன்றது. ஆகவே இருக்கையின் உயரத்தை மாற்றி, முழங்கையும் மணிக்கட்டும் கட்டையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கச் செய்தார். முதற்பாடமாக, யாவரும் தொடங்கும் வெள்ளைக் கட்டைகளை விடுத்து, ‘ஈ’ என்னும் வெள்ளைக் கட்டை, அதனையடுத்து மூன்று கறுப்புக் கட்டைகள், இறுதியில் ‘பி’ என்னும் வெள்ளைக் கட்டை ஆகிய ஐந்தின்மேல் ஐந்து விரல்களையும் வைக்கச் சொன்னார். நீண்ட நடுவிரல்கள் மூன்றும் உயரமான கறுப்புக் கட்டைகளில் இயல்பாகப் படிந்தன. குட்டையான பெருவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையில் அமைந்தன. போலந்து நாட்டு இசைமேதை ஷோப்பான் (1810–1849) தம் மாணவர்க்குக் காட்டிய கைநிலை இதுவாம். வெள்ளைக் கட்டைகள் மட்டுமே கொண்ட ‘சி’ வரிசை கண்ணுக்கு எளிது, கைக்கு அரிது என்பது அவர் கண்ட உண்மை.

எச்சமும் முற்றும்

கை தளர்ந்தது, ஆயினும் புதிய பக்கத்தைத் திறந்தவுடன் மீண்டும் இறுகியது. அப்போதுதான் டீச்சர் இரண்டாம் வாயிலைத் திறந்தார். “பயந்தா கை இறுகும் சார். அடுத்து என்ன வரும்னு தெரியாததுதான் பயம். அதுக்குக் கைக்குப் பாடம் கிடையாது, காதுக்குத்தான் பாடம்.”

‘சி’, ‘ஈ’, ‘ஜி’ என்னும் மூன்று கட்டைகளைச் சேர்த்து ஒலித்தார். இசைக்கலைஞர் இதனைக் ‘கார்டு’ என்பர். நாம் சுரக்கூட்டு எனலாம். இது வீடு என்றார். பின்னர் ‘ஜி’யை அடித்தளமாகக் கொண்ட கூட்டை ஒலித்தார், அதனுள் ‘பி’யும் ‘எஃப்’பும் ஒன்றோடொன்று முரண்டன. அவ்வொலியோடு கையை எடுத்துவிட்டு நம்மைப் பார்த்தார். நமக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதோ ஒன்று முடியாமல் தொங்கியது. “முடிங்க சார்” என்றார். தொடக்கத்தில் கேட்ட வீட்டுக் கூட்டை ஒலித்தோம். ‘பி’ அரைச்சுரம் ஏறிச் ‘சி’யில் அமைந்தது; ‘எஃப்’ அரைச்சுரம் இறங்கி ‘ஈ’யில் அமைந்தது. மூச்சு தானே வெளிவந்தது.

இருபதாண்டுகளாக நாம் வகுப்பில் நடத்தும் பாடமன்றோ இது! ‘வந்து’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்போர் காத்திருப்பர், அது எச்சம். ‘வந்து நின்றான்’ என்றால் அமைவர்; அது முற்று. ‘ஜி’ கூட்டு எச்சம். ‘சி’ கூட்டு முற்று. எதிர்பார்த்த முற்றுக்கு மாறாக வேறொரு கூட்டைக் கொண்டுவந்து கேட்போரை ஏமாற்றும் உத்தியும் மேலையிசையில் உண்டு. அதுவரை நூறு தனியெழுத்துகளாகத் தோன்றிய பக்கம், அன்று முதல் ஏழெட்டுத் தொடர்களாகத் தோன்றியது. எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை திடீரென வரி வரியாகப் படிப்பது போன்ற மாற்றம் அது.

இவ்வறிவு கைக்கு எவ்வாறு ஓய்வளிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘சி–ஈ–ஜி’ என்னும் கூட்டிலிருந்து ‘எஃப்’ கூட்டுக்குச் செல்ல, முன்பெல்லாம் கை முழுவதையும் தூக்கி வலப்புறம் எறிவோம். உறவு தெரிந்தபின் அது வேண்டாததாயிற்று. இரண்டு கூட்டுகளுக்கும் ‘சி’ பொது. ஆகவே பெருவிரல் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ‘ஈ’ அடுத்த கட்டையான ‘எஃப்’புக்கும், ‘ஜி’ அடுத்த கட்டையான ‘ஏ’க்கும் நகர்ந்தால் போதும். ‘ஜி’ கூட்டுக்குச் செல்லும்போதும் அவ்வாறே: ‘ஜி’யில் உள்ள விரல் அசையாது, ‘ஈ’ ஒன்று ஏறி ‘எஃப்’ ஆகும், ‘சி’ ஒன்று இறங்கி ‘பி’ ஆகும். பொதுவானது நிற்கும், மற்றவை அண்டை வீட்டிற்கு மட்டும் செல்லும். நாம் புணர்ச்சி நடத்தும்போது ‘மரம்’ என்பதோடு ‘கள்’ சேர்ந்து ‘மரங்கள்’ ஆவதைச் சொல்கிறோம். ககரம் வருவதை முன்னரே அறிந்த நா, மகரத்தை விட்டு அதற்கு அண்மையான ஙகரத்தில் வந்து காத்திருக்கிறது. நாவுக்குத் தெரிந்த இந்தச் சிக்கனம் நம் கைக்குத் தெரியாதிருந்தது.

முன்னோர் சென்ற தடம்

கருத்தும் கையும் ஒருங்கே பயிலப்பட வேண்டும் என்பது டீச்சரின் புதுமையன்று. 1716இல் பிரெஞ்சு இசைவாணர் கூப்பரான், கட்டைக்கருவி வாசிக்கும் கலை பற்றி எழுதிய நூலில், முகத்தைச் சுளித்து வாசிப்பவர் எதிரே கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்க என்று அறிவுரை கூறினார். நம் இல்லத்தரசியார் செய்ததும் அக்கண்ணாடியின் பணியே. பெரும்புகழ் பாக்கின் மைந்தர் கார்ல் ஃபிலிப் எமானுவேல் பாக், 1753இல் வெளியிட்ட நூலின் முதற்பகுதியில் விரல்முறையையும் இறுக்கமற்ற கையையும் வற்புறுத்தினார். 1762இல் வெளியிட்ட இரண்டாம் பகுதியில் சுரக்கூட்டுகளை அமைக்கும் முறையையும், ஏடின்றித் தாமே புனைந்து வாசிக்கும் முறையையும் கற்பித்தார். கைக்கு ஒரு பகுதி, கருத்துக்கு ஒரு பகுதி, நூல் ஒன்று.

நேப்பிள்ஸ் நகரின் செய்தி இன்னும் நெஞ்சைத் தொடுவது. இசைக்கல்லூரிகளை இன்று ‘கன்சர்வேட்டரி’ என்கிறோம். அச்சொல் அந்நகரில் ஆதரவற்ற சிறார்களைக் காத்து வளர்த்த இல்லங்களைக் குறித்தது. அவ்வில்லங்களில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்கு இசை ஒரு தொழிற்கல்வியாக அளிக்கப்பட்டது. ஆசிரியர் கீழ்க்குரல் வரிசையை மட்டும் எழுதித் தருவார். மேற்குரல்களைக் கட்டைகளின்மேல் பிள்ளைகள் தாமே நிரப்ப வேண்டும். ‘பார்த்திமெந்தோ’ என்பது அப்பயிற்சியின் பெயர். நம் புலவர் அவைகளில் ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்லும் மரபை இது நினைவூட்டும். பிறர் எழுதியதை ஒப்பித்தல் அன்று. இலக்கணம் கைக்குள் இறங்கிய பின்னர்த் தானே பேசுதல்.

மாறான வழியில் சென்று துன்புற்றவர்களும் உண்டு. 1814இல் லோஜியர் என்பவர், மாணவரின் கைகளைச் சட்டத்துக்குள் நிறுத்திவைக்கும் பொறி ஒன்றுக்கு உரிமம் பெற்றார். இத்தனைக்கும் அவர் பல பிள்ளைகளை ஒருங்கே அமர்த்திச் சுரக்கூட்டு இலக்கணத்தையும் கற்பித்தவர். கருத்தைத் திறந்துவிட்டவர் கையைப் பூட்டிவிட்டார். பியானோ வித்தகராக விரும்பிய ராபர்ட் ஷூமனின் வலக்கை விரல் இளமையிலேயே செயலிழந்தது. விரலுக்கு வலுவூட்டப் பொறி ஒன்றைப் பயன்படுத்தியமை காரணம் என்பர் சிலர். வேறு காரணம் கூறுவாரும் உளர். மேடையை இழந்த அவர் இசை இயற்றுபவராக உயர்ந்தார். நம் காலத்தவரான அமெரிக்கக் கலைஞர் லியோன் ஃபிளைஷர் 1960களின் நடுவில் வலக்கை விரல்கள் மடங்கிப் பணியாமற்போக, முப்பதாண்டுகள் இடக்கையாலேயே வாசித்தும் கற்பித்தும் வந்தார், மருத்துவத்தின் துணையோடு 1990களில் இரு கைகளுக்கும் மீண்டார், 2020இல் மறைந்தார். இவர்களோடு நம்மை ஒப்பிடுவது பேதைமை. எனினும், மேதைகளின் கையும் எலும்பும் தசையுமே என்று அறிந்தது, நோவு கண்ட நமக்கு ஆறுதலாயிற்று.

அத்தாவின் இடக்கை

நிற்க. இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது.

2021ஆம் ஆண்டு அத்தா பக்கவாதத்தால் தாக்குண்டார்கள். வலக்கை செயலிழந்தது, பேச்சு குழறிற்று. ஒரு நிமிடத்தில் அறுபது சொற்களை நாணயம் போலத் தெளிவாக அச்சிட்ட கை, மடியில் பிறர் கை போலக் கிடந்தது. மின்விசிறிக்காக அவர்களது கட்டிலைக் கூடத்திற்குக் கொண்டுவந்தோம். பியானோவும் அங்கேதான் இருந்தது. அத்தாவுக்கு இடையூறு ஆகுமே என்று ஒரு மாதம் அதன் மூடியைத் திறக்கவில்லை. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அத்தா இடக்கையால் அதனைச் சுட்டிக்காட்டி, தலையை அசைத்தார்கள். வாசிக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

தயங்கித் தயங்கிச் ‘சி’, ‘எஃப்’, ‘ஜி’, ‘சி’ என்னும் நான்கு கூட்டுகளை வாசித்தோம். பின்னாலிருந்து குழறிய குரல் வந்தது: “தோ...ளை இறக்கு.”

கை அப்படியே நின்றுவிட்டது. உண்மையாகவே நம் தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தன. டீச்சரிடம் ஓராண்டுக்கு மேல் பயின்றும் அத்தாவின் எதிரில் அவை உயர்ந்துவிட்டன. இறக்கினோம். சிறுவயதில் பொறிகளின் ஓசையோடு காதில் விழுந்த அச்சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. குத்தாதே, தட்டிட்டு விலகு. விரலுக்கு அதோட வீடு தெரியும். டீச்சரிடம் நாம் தேடிச் சென்று கற்ற பாடத்தில் பாதி, நம் வீட்டிலேயே, தெருமுனை அறையிலேயே நாள்தோறும் சொல்லப்பட்டிருக்கிறது.

சில நாள்கள் கழித்து, அத்தாவின் நாற்காலியைக் கருவியின் இடப்புறம் இட்டோம். இடக்கையைக் கட்டைகளின்மேல் வைத்ததும், ஐம்பதாண்டுப் பழக்கத்தால், விரல்கள் தட்டச்சின் இருப்பிடத்தில் அமர்வது போல் வளைந்து அமர்ந்தன. கீழ்க்குரலுக்கு மூன்றே கட்டைகள் காட்டினோம்: சுண்டுவிரலுக்குச் ‘சி’, சுட்டுவிரலுக்கு ‘எஃப்’, பெருவிரலுக்கு ‘ஜி’. அவர்களுக்குப் பிடித்த ஹனீபாவின் பாடல் ஒன்றின் மெட்டை நாம் மெல்ல வாசிக்க, கூட்டு மாறும் இடங்களில் தலையசைத்தால் அத்தா உரிய கட்டையைத் தட்டுவார்கள், தட்டிவிட்டு விலகுவார்கள். மஃரிபு பாங்கு ஒலித்ததும் மூடியைச் சாத்திவிடுவோம்.

ஒரு மாலை, ‘ஜி’ கூட்டில் நாம் நின்றபோது வாசலில் அஞ்சல்காரர் அழைத்தார். கையை எடுத்துக்கொண்டு எழுந்தோம். இரண்டடி நடப்பதற்குள் பின்னால் ஒற்றை ஒலி எழுந்தது. திரும்பிப் பார்த்தோம். அத்தாவின் சுண்டுவிரல் ‘சி’யின்மேல் இருந்தது. நாம் தலையசைக்கவில்லை, யாரும் சொல்லித் தரவுமில்லை. “முடிக்காமப் போகாதப்பா” என்றார்கள்.

எச்சத்தையும் முற்றையும் அத்தாவுக்கு நாம் விளக்கியதே இல்லை. செவி அறிந்தது; விரல் சென்றது; அதில் முயற்சியின் இறுக்கம் சிறிதும் இல்லை. ஹார்மனி அறிவு என்றும், உடலின் எளிமை என்றும் நாம் இரண்டு பாடங்களாகப் பயின்றது, அந்த ஒரு சுண்டுவிரலில் ஒன்றாக இருந்தது.

இசை அத்தாவின் வலக்கையை மீட்டுத் தந்தது என்று எழுத நமக்கு ஆசைதான், உண்மை அதுவன்று. இயன்முறை மருத்துவரின் பயிற்சியால் தேநீர்க் குவளையைப் பிடிக்கும் அளவுக்கே அக்கை மீண்டது. 2023ஆம் ஆண்டு அத்தா இறையடி சேர்ந்தார்கள். பதினோராம் வயதில் நமக்குச் சொன்ன மறுப்பைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த ஓராண்டு மாலைகளே போதுமானவையாக இருந்தன.

மாணவர்க்கு ஒரு சொல்

இப்போது நாம் புணர்ச்சி நடத்தும் முறை மாறியிருப்பதை மூன்றாமாண்டு மாணவர் அறிவர். நூற்பாவை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன், ‘மரம், கள்’ என்று தனித்தனியே சொல்லச் செய்து, பின்னர் விரைந்து சேர்த்துச் சொல்லச் செய்து, நா எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்கிறோம். விதியைத் தம் வாயிலேயே கண்டுகொண்ட பிள்ளைக்கு நூற்பா சுமையாவதில்லை. தேர்வு அறையில் ஒரு சொல் மறந்தாலும் அவன் நின்றுவிடுவதில்லை. உறவு தெரிந்தவன் அடுத்த சொல்லைத் தானே கண்டடைவான். ஓர் இசைத்தேர்வின் நடுவே கை நின்றுபோய்த் திகைத்த ஆசிரியர் இதைச் சொல்கிறார் என்று கொள்க.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் நாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. பிள்ளைகளின் பின்னால் நடந்துகொண்டே நீங்கள் சொல்லும் சிறு தொடர்கள் வீண்போவதில்லை என்பதை மட்டும் நன்றியோடு தெரிவிக்கிறோம். அவை பயன்படும் இடம் நீங்கள் எண்ணிய இடமாக இராமலும் போகலாம்.

அத்தாவின் ரெமிங்டன் பொறிகளுள் ஒன்று நம் வீட்டில் பியானோவின் அருகில் இருக்கிறது. வலக்கை இன்றும் விடைத்தாள் காலங்களில் சற்று நோகிறது. அப்போது எழுந்து சென்று, கையை மடியில் போட்டு, தோளை இறக்கி, ‘ஜி’ கூட்டை ஒலித்துச் சற்றே காத்திருந்து, ‘சி’யில் முடித்துவிட்டு மீண்டும் திருத்த அமர்கிறோம். கற்பவர் அனைவர்க்கும் கருத்தில் தெளிவையும் கையில் எளிமையையும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.